புள்ளியக்கா திருத்திய வீடு

என் மனைவியை அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புள்ளியக்கா என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறாள், அதாவது மூலத்தோடு ஒப்பிட்டு அச்சுப் பிழை பார்க்கிறாள். குழந்தைகளுக்கான இருமல் மருந்துச் சீட்டில் 2.5 மில்லி என்பது 25 மில்லி என்று அச்சேறிக்கொண்டிருந்தபோது, ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஒரே ஒரு புள்ளிக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றவள். அப்புறம் முதலாளியே வைத்த பட்டம் அது. வீட்டில் நான் இன்னும் ஒரு படி மேலே போய், பெரும்புள்ளி என்று கிண்டல் செய்வேன். கிண்டல் செய்யத் தெரிந்த அளவுக்கு அவள் அருமை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வருடம் வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்தோம். செய்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன், வாய்ச்சொல்லில் மன்னன். ஆளைப் பிடித்து வந்தது நான் என்பதால், அவன் வேலையைக் குறை சொன்னால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஒன்பதே நாளில் முடித்துவிட்டு, இருபத்துமூன்று ப்ளக் பாயிண்டிலும் எர்த் கொடுத்தாயிற்று என்று தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வாரமே குளியலறைக் குழாயில் அவளுக்கு ஷாக் அடித்தது. ஹீட்டர் ஓடும்போது தொட்டால் முழங்கை வரை சுர்ரென்று ஏறுகிறது என்றாள். அவனைக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், சிரித்தான்.

"அது ஒண்ணுமில்ல தங்கச்சி. புது வயரிங்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். செருப்புப் போட்டுக்கிட்டுக் குளிங்க."

"செருப்புப் போட்டுக் குளிக்கறதுக்கா அண்ணே வயரிங் பண்ணோம்?"

அவன் என் பக்கம் திரும்பினான். "மாப்ள, தங்கச்சிக்குக் கரண்ட்னாலே பயம் போல."

நானும் பல்லை இளித்தேன். "அவ எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிப்பாடா. அவ வேலையே அதுதானே" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவன் போனதும் அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவள் தங்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒரு மாதத்துக்கு இரும்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

"எனக்குச் சுர்ருன்னா கையை உதறிட்டு வெளியே ஓடிருவேன். ஈரத் தரையில இரும்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவ எங்கங்க ஓடுவா?"



திங்கட்கிழமை அவள் விடுப்புப் போட்டாள். மெயினை அணைத்தாள். அவன் கையெழுத்துப் போட்ட தாளை என் கையில் கொடுத்து, அறை அறையாகப் படிக்கச் சொன்னாள்.

"எனக்குக் கரண்ட் தெரியாது. மூலத்தையும் மெய்ப்பையும் வச்சு ஒப்பிடத் தெரியும். அந்தத் தாள்தான் மூலம். சுவருதான் மெய்ப்பு. படிங்க."

படித்தேன். அவள் ஒவ்வொரு பெட்டியாகத் திருகாணியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். குளியலறை ஹீட்டரின் ப்ளக் பெட்டியைத் திறந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எர்த்துக்கான பச்சை வயர் கண்ணுக்கு அழகாக முடுக்கப்பட்டிருந்தது. "பாத்தியா, இருக்கு!" என்றேன். அவள் அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். சுவருக்குள் போவதாகப் பாவனை செய்த மறுமுனை அப்படியே வெளியே வந்தது. மொத்தமே விரல் நீளத் துண்டு. எங்கேயும் போகாத துண்டு, பார்க்கிறவன் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கென்றே செருகிய துண்டு.

இருபத்துமூன்றில் பதினாலு அப்படி இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், புதுப் பெயிண்ட் அடித்த சுவரில், எழுத்து விடுபட்ட இடத்தில் போடுகிற குறியைச் சிவப்புப் பென்சிலால் போட்டாள். "ஐயோ, பெயிண்டு!" என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நானே பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே அவனை வரவழைத்தேன். சிவப்புக் குறிகளைக் கண்டதும் முகம் சுருங்கினாலும் வாய் சுருங்கவில்லை. ஆட்கள் செய்த தவறு என்று பூசி மெழுகினான்.

"பச்சை வயர் இல்லாமலே ஃபேன் ஓடுது, லைட் எரியுது. அப்புறம் என்ன தங்கச்சி?"

"புள்ளி இல்லாமலும் அச்சு நல்லாத்தான் விழுந்துச்சு அண்ணே. குழந்தைக்குத்தான் மருந்து பத்து மடங்கு போயிருக்கும்."

அவனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சுவரை உடைக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றான். இருக்கிற பைப்புக்குள்ளேயே பச்சையையும் இழுத்துவிடலாம் என்றாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தான். சுவருக்குள் கம்பி நீட்டாதவன் இப்போது வாசல் வழியாகக் கம்பி நீட்டப் பார்த்தான். நான் போய்க் கதவை மறித்து நின்றேன். இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். அவனுக்கு உரிமம் கொடுத்த மின் அலுவலகத்துக்கு எழுதியது. பதினாலு இடமும் அறைவாரியாக, படங்களோடு இருந்தன.

"படிச்சுப் பாருங்கண்ணே. ஒரு பிழை இருந்தாலும் சொல்லுங்க, திருத்திட்டு அனுப்பறேன்."

இரண்டு முறை படித்தான். நெற்றி வியர்த்துவிட்டது.

"பிழை... ஒண்ணும் இல்ல."

"அப்ப வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சுவரையும் அப்படி ஆக்குங்க. இதே மாதிரி வேற எந்தெந்த வீட்டுல விட்டு வச்சிருக்கீங்களோ, அதையும் எழுதிக் கொடுங்க."

ஐந்து வீடுகள் எழுதினான். அவையும் சரியாகும் வரை கடிதம் அவள் பையில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் அவனே நின்று கம்பி இழுத்தான். ஹீட்டரில் கெட்டுப்போயிருந்த காயிலை மாற்றினான். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்சும் பொருத்தினான். முதல் மெய்ப்பில் இரண்டு திருகாணி தளர்ந்திருந்தன. திருப்பி அனுப்பினாள். தங்கச்சி என்று ஆரம்பித்தவன் புதன்கிழமைக்குள் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். அவளைவிட ஆறு வயது பெரியவன்! கடைசியில், தான் பார்த்தது மட்டும் போதாது என்று வேறொரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மீட்டர் வைத்துச் சோதித்தாள். இருபத்துமூன்றும் தேறின. எனக்கு ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை தங்கை வந்து இறங்கினாள். அவள் குளிக்கக் கிளம்பும் முன் நான் குளியலறைக்குள் போய், ஹீட்டரைப் போட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயை இறுகப் பிடித்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"ஆளைப் புடிச்சது நானு. மொதல்ல தொடறதும் நானாத்தான் இருக்கணும்."

குழாய் சும்மா சில்லென்று இருந்தது, குழாய் மாதிரியே. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தங்கை வாக்கரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். வாக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்தது. அப்புறம் உள்ளேயிருந்து அதிகாரமாக ஒரு குரல்.

"அக்கா! என்ன ஹீட்டர் இது? தண்ணி சூடே பத்தலை! மாமா எங்க போய் இதைப் புடிச்சாரு?"

ஊரில் எல்லாரிடமும் குறை கண்டுபிடிக்கிறவள், அந்த ஒரு குறையைக் கேட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.