பாயசத்தில் ஒரு பாதாம்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மல்லிகைப்பூ வாங்க நின்றிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. முகாமுக்குப் போயிருந்த என் மகள், தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். "அம்மா, இந்த வருஷம் நான்தான் நெருப்பு மூட்டப் போறேன்!" வேறு தாயாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அங்கேயே கணவரை அழைத்து, "என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?" என்று கேட்டேன். மனிதர் பாவம், ஃபிரிட்ஜில் இருந்த கேக்கைத் தின்றதை ஒப்புக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழிதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், இது சரியான பஸ்தானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ஆள். ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு மட்டும் தக்க காரணம் இருக்கிறது.

எங்கள் மாதா கோவிலில் ஜூன் விடுமுறைக்குத் தமிழ்ப் பிள்ளைகளைச் சாங்கி கடற்கரைப் பக்கம் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். கடைசி நாள் பொழுது சாய்ந்ததும் நெருப்பு மூட்டிப் பாட்டும் கூத்தும். என் காலத்தில் யார் மூட்டுவது என்பதைப் பாயசம்தான் முடிவு செய்யும். அன்று தேநீர் வேளைக்குப் பாயசம் ஊற்றுவார்கள். ஒரே ஒரு கோப்பையில் ஒரு பாதாம் இருக்கும். அது யாருக்கு வருகிறதோ அவர் கையில் தீப்பந்தம். காய்ச்சுவது, ஊற்றுவது எல்லாம், கோவில் குடும்பங்களை நன்றாக அறிந்த சமையல்கார ஃபிலோ அக்காதான். கரண்டியை வேறு யாரும் தொட முடியாது. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது ஏலக்காய் வாசம் வந்தால், எனக்கு முதலில் அந்தக் கரண்டிதான் ஞாபகம் வரும்.

அந்தக் கரண்டியின் மேல்தான் என் சந்தேகம். நான் போன முதல் வருஷம் பாதாம் ஒரு பையனுக்கு வந்தது. அவன் அப்பா இறந்து அதிக நாள் ஆகவில்லை. அடுத்த வருஷம் ஒரு பெண்ணுக்கு. அவள் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் தோழி ஜெசிந்தாவிடம் சொன்னேன்: "இது அதிர்ஷ்டம் இல்லடி. வீட்ல பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அக்காவே பார்த்துப் போடுறாங்க."

"பாயசத்தைக் கூடவா சந்தேகப்படுவே? சும்மா குடி லா," என்றாள்.

அதற்கடுத்த வருஷம் எனக்குப் பதினாலு வயது. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு ஒரு மாதிரியாக இருந்தது. ஓயாமல் சண்டை போடும் அப்பாவும் அம்மாவும் திடீரென்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். என் பள்ளிக்கூடப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அப்பா, என் பையைத் தூக்கிக்கொண்டு முகாம் பஸ் வரைக்கும் வந்தார். பஸ் நகர்ந்த பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

கடைசி நாள் பாயசம் குடிக்கும்போது நாக்கில் வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பாதாம். அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். பிள்ளைகள் "யாருக்கு? யாருக்கு?" என்று ஒருவர் கோப்பையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஃபிலோ அக்கா மட்டும் எங்கும் தேடவில்லை. நேரே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயோ, நான் நினைத்தது சரியாக இருக்கிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"எங்க வீட்ல என்னக்கா நடக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. ஒண்ணும் இல்லாட்டி எனக்கு ஏன் பாதாம் போட்டீங்க?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பா தனியா வேற வீட்டுக்குப் போறாரும்மா. நீ இங்க இருக்கும்போதே சாமானை எடுத்துட்டா உனக்குக் கஷ்டமா இருக்காதுன்னு நெனச்சிருக்காங்க. உங்கம்மாதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. என்ன செய்யறது, நீ கேட்டுட்டே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டு விஷயம் ஊராருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியக் கூடாதா? அக்கா சமாதானம் சொல்லவில்லை. "அழு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் அழு. நீ வராம நெருப்பு மூட்ட மாட்டோம்," என்று சொல்லிவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வாசலில் போய் நின்றுகொண்டார். ஜெசிந்தாவைக்கூட விடவில்லை.

பிறகு நான்தான் மூட்டினேன். என் பெயரைச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. மறுநாள் வீட்டில் அப்பாவின் அலமாரி காலியாக இருந்தது. அம்மா பேச ஆரம்பிப்பதற்குள், "தெரியும்மா," என்றேன்.

இப்போது முகாமில் பாயசம் கிடையாது. சாப்பாடு டப்பாவில் வருகிறது. பாதாம் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஃபிலோ அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகள் திரும்பி வந்ததும், "உன்னை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?" என்று குடைந்தேன்.

"ஃபோன்ல ஒரு சக்கரம் சுத்தும்மா. யார் பேர்ல நிக்குதோ அவங்கதான். ரொம்ப ஃபேர் லா."

நியாயம்தான். யாரும் கைவைக்க முடியாது. இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை என்பதையும் தீர விசாரித்துவிட்டேன். அப்புறம் அவள் எடுத்துவந்த மற்ற படங்களைப் பெரிதாக்கி, நெருப்பைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அந்த நேரத்தில் யார் வீட்டிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்ததோ. சக்கரத்துக்குத் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.