கறுப்புக் கைப்பையும் மதினியின் மாயாஜாலப் படமும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், கடைகளுக்கு என்னை அழைத்துப்போகும் பொறுப்பு மதினிக்கு வந்தது. மதினி என் அண்ணன் மனைவி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் அப்பா உட்பட எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கடையில் அவள் எடுத்ததும் விலை கேட்கமாட்டாள். பொருளைக் கையில் வாங்கி, திருப்பி, அழுத்தி, அதோடு கொஞ்சம் பழகிப் பார்ப்பாள். அதை வேடிக்கை பார்க்கவே நான் கூடப் போவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தோளில் மாட்டும் கைப்பைகள் விதவிதமாக வந்திருந்தன. பஜாரில் நாங்கள் போன பைக்கடையில் உத்தரம் முழுக்கப் பைகள் தொங்கின. கடைக்காரர் முஸ்லிம், மதினி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவர் கொக்கி வைத்த கம்பால் ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். சிவப்பில் வாங்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். என் கண்ணோ ஓரமாகத் தொங்கிய ஒரு கறுப்புப் பையின் மேலேயே இருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் தயக்கம்.

"அண்ணே, அந்தக் கறுப்ப இறக்குங்க" என்றாள் மதினி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஜிப்பை நாலைந்து முறை இழுத்துப் பார்த்தாள். தையலை உள்பக்கமாகப் புரட்டினாள். பிறகு தன் பையில் இருந்த குடை, தண்ணீர் பாட்டில், சீப்பு, பர்ஸ், டிபன் டப்பா எல்லாவற்றையும் அதற்குள் போட்டு என் தோளில் மாட்டினாள்.

"தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வா."

"எதுக்கு மதினி?"

"கடையில நிக்கையில எல்லாப் பையும் அழகாத்தான் இருக்கும்ட்டி. கூட்டத்துல பஸ் ஏறுறப்ப தோள்ல நிக்குதா, நழுவுதான்னு தெரியணும்ல?"

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "போயிட்டு வாம்மா. உங்க மதினி சொல்லிட்டா நான் மறுக்கவா முடியும்?"

புதுப் பையோடு பஜாரில் நடந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பி வந்தபோது மதினி என் தோளைத் தொட்டுப் பார்த்து, வார் பதிந்திருக்கிறதா என்று சோதித்தாள். அதற்குப் பிறகுதான் விலை கேட்டாள்.

வீட்டில் அம்மா பையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "கல்யாணப் பொண்ணு கையில கறுப்பா?"

"தலைமுடியுந்தான் கறுப்பா இருக்கு அத்தை. அதுல பூ வைக்கலையா?" என்றாள் மதினி. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மதினியின் பிறந்த ஊர் அது. ரத வீதிப் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் வளையல், கிளிப், கம்மல் எல்லாம் வாங்கினோம். கம்மலை என் காதருகே பிடித்து, டியூப் லைட் வெளிச்சம் ஆகாதென்று வாசலுக்கு இழுத்து வந்து வெயிலில் பார்த்தாள். நான் எடுத்த கல் வைத்த கம்மல் வெயிலில் வெளிறிப்போனது. அவள் எடுத்த சின்ன ஜிமிக்கி நிறம் மாறாமல் நின்றது. தானும் ஒரு பட்டாம்பூச்சி கிளிப் வாங்கி அங்கேயே கொண்டையில் குத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கடையில் பட சி.டி.க்கள் விற்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த அட்டைகளில் ஒன்றைக் கண்டதும் நான் கத்திவிட்டேன். "மதினி, உங்க படம்!"

அவள் கல்யாணமாகி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. எண்பதுகளில் அது. தினமும் எனக்குத் தலை பின்னிவிடும்போது அவள் சொன்ன கதை அந்தப் படத்தின் கதை. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த மாயாஜாலப் படம். ஒரு மந்திரவாதி இளவரசியின் நிழலைத் திருடிவிடுவான். நிழல் போனதும் அவள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். பெற்ற தாயின் முன்னால் நின்று கூப்பிடுவாள், தாய்க்குக் கேட்காது. பிறகு அவளே துணிந்து மந்திரவாதியின் கோட்டைக்குள் நுழைவாள். அவன் கண்ணுக்கும் அவள் தெரியமாட்டாளே! அவன் நிழல்களை அடைத்து வைத்திருக்கும் விளக்கைத் தேடி ஊதி அணைப்பாள். அடைபட்ட நிழல்கள் எல்லாம் வெளியே ஓடும். அந்த இடம் வரும்போது மதினியின் கை என் சடையில் அப்படியே நின்றுவிடும்.

அந்தப் படத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ வருட ஆசை. ஆனால் எதிலும் சட்டென்று முடிவெடுக்கிற மதினி அன்று தயங்கினாள். "அது எதுக்குட்டி இப்ப? பொறவு பாத்துக்கிடலாம்."

"நான் வாங்கித் தாரேன் மதினி. என்னோட பரிசு" என்று நானே வாங்கினேன்.

மதினியின் தம்பி புதிதாக சி.டி. பிளேயர் வாங்கியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். படம் இரண்டு சி.டி.யில் இருந்தது. முதல் சி.டி. ஓடியபோது எனக்குப் புல்லரித்தது. மதினி சொன்னபடியே எல்லாம் வந்தது. இளவரசியின் பச்சைத் தாவணி, மந்திரவாதியின் வளைந்த நகம், தாயின் முன்னால் நின்று கூப்பிடும் அந்தக் காட்சி, எதிலும் ஒரு மாற்றம் இல்லை. இத்தனை வருடம் அம்புட்டையும் எப்படி நினைவில் வைத்திருந்தாள் என்று வியந்துபோனேன்.

இரண்டாவது சி.டி. போட்டதும் எல்லாம் மாறியது. இளவரசி கோட்டைக்குப் போகவே இல்லை. காட்டில் உட்கார்ந்து அழுதாள். எங்கிருந்தோ ஒரு இளவரசன் குதிரையில் வந்தான். பாம்போடு சண்டை போட்டான், பூதத்தோடு சண்டை போட்டான், கடைசியில் மந்திரவாதியை வெட்டினான். இளவரசி நடுவில் பாட்டுக்கு மட்டும் வந்து போனாள். விளக்கு என்ற ஒன்றே படத்தில் கிடையாது.

நான் திரும்பி மதினியைப் பார்த்தேன். வாயைப் பிளந்து, கன்னத்தில் கை வைத்து, டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த படத்தைத் திரும்பப் பார்க்கிறவளின் முகம் அல்ல அது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மதினி, நீங்க இந்தப் பாதியப் பாத்ததே இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி சிரித்தார். "எங்க பாக்க? இண்டர்வெல்ல நான்தான போயி கூட்டிட்டு வந்தேன். உங்க வீட்டு ஆளுக சொல்லாமக் கொள்ளாமப் பொண்ணு பாக்க வந்துட்டாக. நல்ல நேரம் முடியிறதுக்குள்ள வந்தாகணும்னு எங்க அய்யா வெரட்டிட்டாரு."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. அம்மாவின் மடியில் உட்கார்ந்து நான் கேசரி தின்றுகொண்டிருந்தேன். வேர்த்து, மூச்சு வாங்க ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அவள் தியேட்டரிலிருந்து ஓடி வந்திருக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"அப்ப எனக்குச் சொன்ன கதை?"

"நீ மொத தடவை கேக்கையில, இண்டர்வெல்லோட எந்திரிச்சு வந்துட்டேன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சுட்டி. உங்க வீட்டு ஆளுக வந்ததாலதான்னு புதுசா வந்த எடத்துல எப்படிச் சொல்ல? யோசிச்சேன். கண்ணுக்குத் தெரியாதவ எங்க வேணும்னாலும் போகலாம்ல? எவன் தடுப்பான்? அதான் கோட்டைக்குள்ள அனுப்பி விட்டுட்டேன்."

இத்தனை காலம் ஏதோ ஒரு சினிமாக்காரனின் மூளை என்று நான் மெச்சிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டில் எனக்குத் தலை பின்னிவிட்டவளுடையது. விளக்கும் அவளுடையது, ஓடுகிற நிழல்களும் அவளுடையவை.

"உங்க கதைதான் மதினி நல்லா இருக்கு" என்றேன்.

"அது தெரியும்" என்றாள் சாதாரணமாக. "இருந்தாலும் பாம்புச் சண்டைய நல்லாத்தான் எடுத்திருக்கான்."

தம்பியின் மனைவி காப்பி போட எழுந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் அடுக்களைக்குப் போனார்கள். மதினி மட்டும் எழவில்லை. தம்பியைப் பார்த்து, "ஏலே, அந்த ரெண்டாவத இன்னொருக்கா போட்டுட்டுப் போ. செத்த நேரம் யாரும் என்னையக் கூப்பிடாதிய" என்றாள்.

அவர் போட்டுவிட்டுப் போனார். நான் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.