ஒன்பதாம் அறையின் உள்கோடு

அந்த விடுதியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்நேரமும் கையில் தேய்க்கிற பிரஷ் இருந்ததால் பிரஷ் அக்கா. ஏழு வருஷமாக இருபத்திரண்டு குளியலறைகளைத் தேய்த்தவள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோய், ஒருநாள் வருகைப்பதிவு இயந்திரம் அவளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. "நான் யாருன்னு தெரியலையா? உன்னையும் சேர்த்துத் துடைக்கிறவ நான்தான்!" என்று அதனிடமே சண்டைக்குப் போனாள். வாய் அப்படி.

அந்த வாய் மேனேஜருக்குப் பிடிக்காது. அதற்குத் தோதாக வந்து சேர்ந்தது மாடியிலிருந்த ஒன்பதாம் அறை. அங்கே ஷவரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் ஓர் அலுமினியச் சட்டம். சட்டத்தின் ஓரத்தில் கசியாமலிருக்க இழுத்த சிலிகான் பசைக்கோட்டுக்குக் கீழே கறுப்பாகப் பூஞ்சை படரும். திங்கட்கிழமை தேய்த்தால் வியாழக்கிழமை திரும்ப வந்து சிரிக்கும். போதாக்குறைக்கு, அந்த அறைக்கு நேர் கீழேதான் மேனேஜரின் அறை. கூரையில் ஈரம் பரவி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி நிரந்தரக் குடிவந்துவிட்டது. அவர் போனில் அதட்டிக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு டொக், டொக்கென்று தாளம் போடும்.

எல்லாப் பழியும் பிரஷ் அக்காவின் தலையில் விழுந்தது. 'சரியாகத் தேய்ப்பதில்லை' என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம். அடுத்த மாதம் அதே வரியோடு 'பலமுறை சொல்லியும்' என்பதைச் சேர்த்து இன்னொன்று. இரண்டிலும் கீழே அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"போனா போகுது, விடு. வேற வேலையா கிடைக்காது?" என்றார் வீட்டுக்காரர். அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், சண்டை என்றால் எதிர்த் தெருவுக்கு ஓடுகிற ஜாதி.

"வேலை கிடைக்கும்ங்க. தேய்க்காதவன்னு பேர் வாங்கிட்டு எப்படி இன்னொரு வாசல்ல போய் நிப்பேன்? உங்களுக்குச் சோறு இறங்குது, எனக்கு இறங்கல."

மனுஷன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தினமும் மண்டியிட்டுத் தேய்க்கிறவளுக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயம். பதினாலாம் அறையில், ஷவர் இருக்கும் உள்பக்கத்துப் பசைக்கோடு என்றைக்கோ பிய்ந்துபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, யாரும் சரி பண்ணவும் இல்லை. அந்த அறையில் மட்டும் கறையும் கிடையாது, கசிவும் கிடையாது. ஒன்பதிலோ சட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோடு. மூட்டுகள் வழியாகச் சட்டத்துக்குள் இறங்குகிற தண்ணீர் திரும்பி வரவும் முடியாமல், காயவும் முடியாமல், உள்ளேயே கிடந்து நாறுகிறது. கடைசியில் திருகு அடித்த ஓட்டையைத் தேடிப் பிடித்து மேனேஜர் தலைக்கு வழி பார்க்கிறது. கறை வரும்போதெல்லாம் பழைய பசையின் மேலேயே புதுப்பசையை அப்பிவிட்டுப் போகிறவர் கண்ணாடிக்காரர். அவர் மேனேஜரின் மச்சான். இதை எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டார்கள்.

விடுப்பு நாளில் சொந்தமாக ஒரு சிலிகான் குழாயும் பிளேடும் வாங்கிக்கொண்டு வந்து, காலியாகக் கிடந்த ஒன்பதாம் அறைக் கதவில் 'பழுது' என்று அட்டை மாட்டினாள். பழைய பசையை நூல் விடாமல் சுரண்டினாள். பழசு துளி இருந்தாலும் புதுசு ஒட்டாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைத்தாள். பிறகு சுவர் ஓரங்களிலும் சட்டத்தின் வெளிப்பக்கத்திலும் ஒரே சீராகக் கோடு இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் நீவிவிட்டாள். ரேகை இல்லாத விரல், கோடு துளி வரியில்லாமல் வழவழப்பாக வந்தது. சட்டத்தின் உள்பக்க அடியை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் வத்தி வைத்தார். மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னம்மா இது? தண்ணி ஊத்துற பக்கத்தையே விட்டு வெச்சிருக்க! ஒழுங்கா உள்பக்கமும் போடு."

"போடமாட்டேன், சார்."

"என்ன சொன்ன?"

"போடமாட்டேன்னு சொன்னேன். உள்ள போற தண்ணிக்கு வெளிய வர வழி வேணும். பத்து நாள் குடுங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் மூணாவது லெட்டரை நானே எழுதித் தந்துட்டுப் போறேன். விழலைன்னா, தப்பு என் மேல இல்லைன்னு நீங்க எழுதணும்."

அவர் கேலியாகச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். மூன்றாவது நாளிலிருந்து அவள் காலையில் அரைமணி நேரம் ஷவரைத் திறந்துவிட்டாள். வாளி காய்ந்து கிடந்தது. ஏழாம் நாள் ஊருக்குப் போய்விட்டு ஒன்பதாம் நாள் வந்தால், டொக்.

"எழுதித் தர்றியா?" என்று பேனாவை நீட்டினார் மேனேஜர். பக்கத்தில் மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் பேனாவை வாங்காமல், "மேல வாங்க சார்" என்று விறுவிறுவென்று முன்னால் ஏறினாள். குனிந்து பார்த்ததும் உயிர் வந்தது. சட்டத்தின் உள்பக்கத்தில் புத்தம்புதுப் பசைக்கோடு. தடிமனாக, நடுநடுவே கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு.

"என் கட்டைவிரல்ல ஏது சார் ரேகை? இதைப் பாருங்க, ஒவ்வொரு வரியும் எண்ணலாம்."

மேனேஜர் மச்சானைப் பார்த்தார். மச்சான், "மாமா, உங்க நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார். பிரஷ் அக்கா காத்திருக்கவில்லை. பிளேடை எடுத்து அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் அறுத்தாள். சட்டத்துக்குள் அடைந்து கிடந்த தண்ணீர் கொழகொழவென்று வெளியே வந்து, மேனேஜரின் செருப்பை நனைத்துக்கொண்டு வடிகாலில் இறங்கியது. நாற்றத்தில் மூவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் கீழே சொட்டுவது நின்றது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஃபைலை விரித்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரி விடும்மா. அந்த ரெண்டு லெட்டரையும் கிழிச்சுப் போட்டுடறேன். யாருக்கும் தெரியவேண்டாம்."

"கிழிக்காதீங்க சார். அது அங்கயே இருக்கட்டும். அதுக்கு மேல மூணாவதை எழுதி வைங்க. சொன்ன சொல்லுதானே?"

அவர் தலையைச் சொறிந்தார். வாளியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுதினார்: 'ஒன்பதாம் அறையின் கறைக்கும் கசிவுக்கும் பசை போட்ட விதமே காரணம். தேய்த்ததில் குறையில்லை.'

அவள் எழுத்துக் கூட்டி, நிதானமாக, இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை அவர் பக்கமே திருப்பி வைத்து, இதற்கு முன் இரண்டு முறை தன்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன அதே மூலையில் விரலை ஊன்றினாள்.

"இங்க போடுங்க, சார்."