எல்லா வழியும் பெங்களூரு

மாரண்டஹள்ளியில் எங்கள் அடுத்த வீட்டு யுவராணிக்கு வேலை பெங்களூரு கம்பெனியில். உட்கார்ந்து செய்வது இங்கே, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே போட்ட மேஜையில். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதனால் கம்ப்யூட்டரிலிருந்து போவது வருவது எல்லாமே விபிஎன் என்கிற பாதுகாப்பான தனிவழியில்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. கறாராகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

அவள் அசட்டையாக இருக்கவில்லை. நாம் எந்த ஊரிலிருந்து நெட்டில் நுழைகிறோம் என்று காட்டும் பக்கத்தைத் தினமும் திறப்பாள். விபிஎன் வழியாகப் போனால் கம்பெனி இருக்கும் பெங்களூருவைக் காட்டும். அதைப் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. மத்தியானம் கரண்ட் போய் வீட்டு நெட் நின்றால், இங்கே எல்லோரும் செய்வதுபோல போன் நெட்டுக்கு மாறுவாள். மறுபடியும் பார்ப்பாள். அப்போதும் பெங்களூரு. அவள் குழந்தை வெண்மதி என்னிடம் இருக்கும். பால்குடி மறக்காத பிள்ளை, பசித்தால் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டிலிருந்து வேலை செய்ய அவள் கெஞ்சி அனுமதி வாங்கியதே இந்தப் பிள்ளைக்காகத்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மேலாளர் சசிகலா போன் செய்தார். பல மத்தியானங்களில் யுவராணியின் கம்ப்யூட்டர் விபிஎன்னுக்கு வெளியே போயிருப்பதாகத் தணிக்கையில் தெரிந்ததாம். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று சாயங்காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் திங்கள்கிழமையிலிருந்து பெங்களூரு ஆபீசுக்கே வந்து வேலை செய்ய வேண்டுமாம்.

"தெனமும் பாத்துட்டுதாங்க மேடம் அனுப்பறன்" என்று இவள் சொன்னது அங்கே ஏறவே இல்லை.

நெட்வொர்க் பார்க்கும் கலைவாணனை லைனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இப்ப போன் நெட்டுக்கு மாறுங்க. விபிஎன்னை நீங்களே ஆஃப் பண்ணிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தாள். "ஆஃப்லதாங்க சார் இருக்குது. அப்பவும் பெங்களூருன்னுதான் காட்டுது!"

கலைவாணன் விளக்கினார். எங்கள் பகுதியில் போன் நெட்டே பெங்களூரு வழியாகத்தான் வெளியே போகிறதாம். கரண்ட் போய் நெட் மாறும்போதெல்லாம் விபிஎன் அறுந்திருக்கிறது, ஊர்ப்பெயர் மட்டும் மாறவில்லை. பார்க்க வேண்டியது ஊரை அல்ல, அதன் கீழே இருப்பது கம்பெனி நெட்டின் நம்பர்தானா என்பதை.

யுவராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊரு பேரைப் பாருங்கன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்களே சார்?"

"மதுரை, திருநெல்வேலில இருக்கறவங்களுக்கு அது சரியா வருதுங்க. உங்க ஊரை நாங்க யோசிக்கல."

யோசிக்கவில்லையாம்! பெங்களூருக்குப் பக்கத்தில் குடியிருந்ததும் ஒரு குற்றமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விபிஎன் அறுந்தால் நெட்டே நின்றுவிடும்படி ஒரு செட்டிங்கை அவர் போடச் சொன்னார். அதைப் போட்டாள். வேண்டுமென்றே விபிஎன்னை அறுத்துப் பார்த்தாள், நெட் நின்றது. மறுபடி இணைத்தாள், கம்பெனி நம்பர் வந்தது. ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பொழுது சாய்வதற்குள் அனுப்பினாள். சசிகலா கூப்பிட்டார்.

"இப்ப சரியா இருக்கு. ஆனா ஏற்கெனவே வெளிய போனது போனதுதானே? திங்கக்கிழமை லேப்டாப்போட வந்துடுங்க."

"தப்பா சொல்லிக் குடுத்தது அவங்கதான்னு கலைவாணன் சாரே ஒத்துக்கிட்டாருங்க மேடம்."

"அப்படி எதுவும் அவர் எழுதிக் குடுக்கலையே."

உடனே அவருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

தோட்டத்திலிருந்து வந்த அவள் புருஷன் நவநீதன் கொதித்துப்போனான். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வுட்டுட்டு வூட்லயே இரு."

"வுட்டுட்டு? உங்க தக்காளிய நம்பியாங்க இருக்கறது?" என்றாள். அந்த வாரம்தான் விலை இல்லாமல் பறிக்காமலே விட்டிருந்தான்.

பெங்களூரில் அவளுக்குக் கிடைத்தது லேடீஸ் ஹாஸ்டல். குழந்தைக்கு அங்கே இடமில்லை. பகலெல்லாம் நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன், ராத்திரிக்கு நவநீதன். பால் மறக்கடிப்பதுதான் பாக்கி.

வியாழக்கிழமை வேப்பிலையை நான்தான் அரைத்துக் கொடுத்தேன். சுவரைப் பார்த்தபடி மார்பில் தடவிக்கொண்டாள். வெண்மதி வாய் வைத்தது, முகத்தைச் சுளித்தது, அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை. அந்தக் கசப்போடேயே மறுபடியும் வாய் வைத்துக் குடித்தது.