கூரை வெட்டிய லொறி

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என் மனைவிக்கு ஒரு லொறி வேண்டும் என்று தோன்றியது. சாமான் ஏற்றுவதற்கு அல்ல. எங்களிடம் ஏற்றுவதற்குச் சாமானும் இல்லை.

அது தொடங்கியது கிபெக்கில், எங்கள் நகரத்திலிருந்து ஆற்றுப் பாலம் கடந்து போகும் புரோசார்ட்டில். அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பொரித்த உருளைக்கிழங்கு வாங்க ஒரு கடையில் நிறுத்தினோம். கோடை மாலைகளில் அந்தக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் பழைய கார் வைத்திருக்கும் கிபெக்காரர்கள் கூடுவார்கள். நான் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது மனைவியைக் காணவில்லை. தேடிப் போனால், செம்மஞ்சள் நிறக் கார் ஒன்றின் அடியில் அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் காருக்குச் சொந்தக்காரரின் கால்களும் தெரிந்தன.

"என்ன செய்யிறீர் அதுக்குள்ள?" என்று குனிந்து கேட்டேன்.

"வெல்டிங் பாக்கிறன்," என்றாள். சற்றுப் பொறுத்து, "பரவாயில்லை. ஆனா நான் இதைவிட நல்லா ஒட்டுவன்," என்றாள்.

அதில் பெருமை ஒன்றும் இல்லை. விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தகடு வெட்டி ஒட்டுவதுதான் அவள் வேலை. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்குகிறவன். எங்கள் வீட்டில் மின்குமிழ் மாற்றுவதும் அவள்தான்.

அன்று வீட்டுக்கு வரும்வரை அவள் எனக்கு ஹொட் ரொட் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினாள். மிகப் பழைய வாகனம் ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெரிய எஞ்சின் வைக்க வேண்டும். உடம்பை நிலத்தோடு படியும்படி தாழ்த்தி, கூரையையும் வெட்டிக் குறுக்கி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பெயின்ற் அடிக்க வேண்டும்.

"அடிச்சு?" என்று கேட்டேன்.

"அடிச்சுப்போட்டு ஓடுறது."

"எங்க?"

"என்னப்பா, எல்லாத்துக்கும் ஒரு இடம் வேணுமே?" என்றாள்.

மகள் வேலை கிடைத்து ஒட்டாவாவுக்குப் போன பிறகு, எங்கள் அஹுன்ட்சிக் வீட்டின் பின்னால் இருக்கும் கராஜ் சும்மாதான் கிடந்தது. ஆகவே என்னால் இடமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஆற்றின் தென்கரைக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஐம்பதுகளில் செய்த பிக்கப் லொறி விற்பனைக்கு இருப்பதாக இணையத்தில் கண்டுபிடித்தாள். போய்ப் பார்த்தோம். வைக்கோல் கொட்டிலுக்குள் துரு நிறத்தில் நின்றது. மனைவி அதைத் தட்டிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு விலை பேசி முடித்தாள். இழுத்துப் போக வண்டி கூப்பிடலாம் என்றபோது பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்றைக்கு முடியாது, மதாம்," என்று பிரெஞ்சில் சொல்லிக் கதவைத் திறந்து காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு சிவப்புக் கோழி அடைகிடந்தது. எங்களைப் பார்த்த பார்வையில், வாகனம் அதன் பெயரில் பதிவாகியிருப்பது போல ஒரு தோரணை.

"கோழியைத் தூக்கி வேற இடத்தில வைக்கலாம்தானே?" என்றேன் நான், கையாலும் தூக்கிக் காட்டி.

மனைவியும் பண்ணைக்காரரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குஞ்சு பொரித்ததும் தொலைபேசியில் சொல்வதாக ஏற்பாடு.

அழைப்பு வந்தபோது நான் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் இருந்தேன். கையில் குழம்பு பட்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். "மெஸ்யே," என்று பண்ணைக்காரரின் குரல் அறை முழுவதும் கேட்டது, "எல்லோரும் பிறந்துவிட்டார்கள். ஒன்பது பேர். தாயும் நலம்." என்னோடு வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து கை குலுக்கினார்கள். மேற்பார்வையாளர் ஒன்பது என்ற எண்ணைப் பற்றி யோசித்ததாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் ஆட்களின் குடும்ப வழக்கம் என்று எண்ணியிருக்க வேண்டும். லொறி, கொட்டில், கோழி என்று தொடக்கத்திலிருந்து பிரெஞ்சில் சொல்வதற்கு இடைவேளை போதாது. மேர்சி, நன்றி, என்று மட்டும் சொல்லிவிட்டேன். மறுநாள் வேலையிடத்தில் என் அலுமாரிக் கதவில் நீலப் பலூன் கட்டியிருந்தது. இன்றைக்கும் அந்த மேற்பார்வையாளர் பிள்ளைகள் எப்படி என்று கேட்பார். நன்றாக வளர்கிறார்கள் என்பேன்.

லொறி வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு எங்கள் வாழ்க்கை கராஜுக்குள் நகர்ந்தது. மனைவி வேலையால் வந்து தேநீர் குடித்த கையோடு முகமூடியைப் போட்டுக்கொண்டு தீப்பொறி பறக்க விடுவாள். துருவைச் சாண்ட் பேப்பரால் தேய்ப்பதும் கேட்டதை எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். பார்க்க வந்த ஆண்கள் எல்லோரும் என்னிடமே கேள்வி கேட்டார்கள். நான் திரும்பி அவளிடம் கேட்பேன். அவள் சொன்னதை அவர்களிடம் திருப்பிச் சொல்வேன். அவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

கூரை வெட்டும் நாள் வந்தது. உள்ளே அப்போது இருக்கை கிடையாது. அதற்குப் பதிலாக வெறும் பெயின்ற் தகரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா உள்ள ஏறி இருங்கோ. கையைத் தலைக்கு மேல வையுங்கோ. இவ்வளவு வெட்டினாக் காணுமே?"

"ஓம், தாராளமா இடம் இருக்கு," என்றேன்.

வெட்டினாள். ஒட்டினாள். ஒட்டிய இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். சில வாரங்களின் பின் இருக்கையைப் பொருத்தினாள். ஏறினேன். கழுத்தை ஒரு பக்கம் மடித்தால்தான் கதவு சாத்த முடிந்தது. இருக்கை பெயின்ற் தகரத்தைவிட ஒரு சாணாவது உயரம். அவளுக்குப் பிரச்சினை இல்லை, அவள் கட்டை. நான் ஆறடி.

"தாராளமா இருக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"தகரத்தில இருந்தெல்லோ சொன்னனான்."

"அப்ப கதிரையில இருந்தா உயரும் எண்டு தெரியாதே?"

"நீர்தானே அளந்தனீர்?"

இந்தப் பேச்சு இரவுச் சாப்பாட்டிலும் தொடர்ந்தது. கூரையைத் திரும்ப உயர்த்துவது பற்றி நான் ஒரு சொல் எடுத்தேன். அவள் சோற்றை அளைந்தபடி, என்னைக் குறுக்குவது சுலபமா என்று யோசிப்பவள் போலப் பார்த்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, வண்டியை முதல் தடவையாகத் தெருவுக்கு எடுத்தாள். எஞ்சின் நன்றாகவே உறுமியது. பிறகு ஹோர்னை அடித்துப் பார்த்தாள். எங்கிருந்தோ தேடிப் பிடித்த காற்று ஹோர்ன் அது. பனி அள்ள வரும்போது கார்களை எடுக்கச் சொல்லி மாநகராட்சி வண்டி ஊளையிடுமே, அச்சாக அதே சத்தம். தெரு முழுவதும் கதவுகள் திறந்தன. இரவு உடையோடும் சப்பாத்து மாறிய கால்களோடும் அயலவர்கள் கார்த் திறப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு மதாம் காரை எடுத்து, தெருவைச் சுற்றி, வேறு இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கிய பிறகுதான் நிலத்தில் பனியே இல்லை என்பதைக் கவனித்தார். அப்போதும் எங்களைத் திட்டவில்லை. வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார். ஹோர்ன் அன்றே கழற்றப்பட்டது.

பரிசோதனை முடிந்து இலக்கத் தகடு கிடைத்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்ய வேண்டும் என்றாள். வண்டி இப்போது பழுத்த மிளகாய்ச் சிவப்பில் மின்னியது. நான் கழுத்து மடிப்பதைத் தாங்க முடியாமல் தலையைச் சன்னலால் வெளியே விட்டுக்கொண்டு போனேன். கூரையோடு சேர்ந்து சன்னலும் ஒடுங்கிப்போயிருந்தது. தலையைத் திரும்ப உள்ளே எடுப்பதற்கு இன்னொருவர் உதவி தேவை.

ஐயர் தட்டோடு வந்தார். சந்தனத்தைத் தொட்ட விரல் வண்டியை நெருங்கியதும் மனைவி முன்னே பாய்ந்தாள்.

"ஐயா, பெயின்ற்றில வேண்டாம். கண்ணாடியில வையுங்கோ."

ஐயர் கண்ணாடியில் வைத்தார். சன்னலில் என் தலை இருந்ததால் எனக்கும் வைத்தார். எலுமிச்சம்பழங்கள் ரயருக்கடியில் நசுங்கின. எல்லாம் சரி என்று புறப்பட்டபோது, தரிப்பிட வாசலில் இருந்த வேகத்தடையில் வண்டியின் வயிறு ஏறிக் குந்திக்கொண்டது. அவ்வளவு தாழ்த்தியிருந்தாள். பின் சக்கரங்கள் சும்மா சுற்றின.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். தள்ளுவதற்குக் கை வைத்தார்கள்.

"அண்ணை, பெயின்ற்றில கை வைக்காதேங்கோ, பிளீஸ்," என்றாள் மனைவி.

"அப்ப எங்க தங்கச்சி கை வைக்கிறது?"

யாரோ களஞ்சிய அறைக்குப் போய்த் தேர் வடத்தைக் கொண்டுவந்தார்கள். முன்னால் கட்டி இழுத்தார்கள். இரண்டாவது இழுவையில் பழக்கதோசத்தில் ஒருவர் அரோகரா என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வண்டி அசைந்து, ஆடி, இறங்கியது. சந்தனப் பொட்டோடு வெளியே நீட்டிய தலையை உள்ளே எடுக்க முடியாமல் நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தேன். ஒரு பெண்மணி அவசரத்தில் கும்பிட்டும் விட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து சேருமுன்னரே யாழ்ப்பாணத்தில் என் அண்ணர் காணொளியைப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன நடந்தது என்று கேட்டு அழைத்தார்.

அந்த அழைப்புத்தான் மனைவியின் மனதை மாற்றியது என்று நினைக்கிறேன். வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினாள். கூரையை மட்டும் தொடவில்லை. அதற்குப் பதிலாக என் பக்க இருக்கையைக் கழற்றிவிட்டு, தரையோடு தரையாக எனக்கென்று ஒரு சிறிய இருக்கை செய்து பூட்டினாள். கால்களை நீட்டி இருக்கலாம். கழுத்து நேராக நின்றது. ஆனால் வெளியே இருந்து பார்த்தால் அவள் முழுதாகத் தெரிவாள். என்னில் நெற்றிக்கு மேல்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். இளைஞர், மரியாதையானவர். சிறு பிள்ளையை முன்னால் ஏற்றிப் போகக் கூடாது என்று மனைவிக்கு விளங்கப்படுத்தியபடியே என் பக்கம் வந்து குனிந்தார். நரைத்த மீசையோடு நான் கீழே இருந்து போன்ஜூர் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார், பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"மெஸ்யே, வசதியாக இருக்கிறதா?" என்று கடைசியில் கேட்டார்.

"முழங்கால் கொஞ்சம்…" என்று தொடங்கினேன்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் மனைவி தமிழில், முன்னால் பார்த்துச் சிரித்தபடி. "பேந்து கூரையை உயர்த்தச் சொல்லுவான்."

மிக வசதி என்றேன். போக விட்டார்.

இப்போதும் கோடை ஞாயிறுகளில் புரோசார்ட்டுக்கு அதில்தான் போகிறோம். எனக்குக் கட்டடங்களின் மேல்மாடிகளும் மேகமும்தான் தெரியும். போன ஞாயிறும் பாலத்தில் ஏறியபோது எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவள் கேட்டாள்.

"ஆறு தெரியுதே?"

"இல்லை."

"வெயில் பட்டு நல்ல வடிவா இருக்கு. பெரிய கப்பல் ஒண்டு போகுது. கறுப்பு. மேல ரெண்டு பேர் நிக்கினம்."

"என்ன செய்யினம்?"

"எங்கடை லொறியைத்தான் பாக்கினம்," என்றாள் அவள். கப்பலில் நிற்பவர்களின் பார்வை அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.