கெம்னிட்ஸ் என்றால் கல்லாறு

அந்த மின்னஞ்சலில் இருந்த ஊர்ப்பெயரை முதலில் தப்பாகப் படித்தது நான்தான். ‘செம்னிட்ஸ்’ என்றேன். ஜெர்மனியில் அந்த ஊர் மருத்துவமனை ஒன்று, நர்ஸ் வேலைக்கு என் மதினியை வீடியோ நேர்காணலுக்கு அழைத்திருந்தது. மதினி, என் அண்ணன் மனைவி. தென்காசியில் தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவர். வேலை முடிந்து குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தால் அடுப்பில் குழம்பு கொதிக்கும். காதில் ஜெர்மன் பாடம் ஓடும். பரீட்சையில் தேறிவிட்டார். நேர்காணல்தான் வாய்க்கவில்லை. இதற்கு முன் இரண்டு முறை, திரையில் முகங்களைக் கண்டதுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. “இதுவும் போச்சுன்னா விட்டுருவேன்,” என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம் வெளியே சாரல். ஊர்ப்பெயரையாவது ஒழுங்காகச் சொல்லிப் பழகுவோம் என்று, அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசும் வீடியோவைப் போட்டோம். அவர் ‘கெம்னிட்ஸ்’ என்றார். “எழுதுதது ஒண்ணு, சொல்லுதது ஒண்ணா? முதல் எழுத்துக்கு நான் வேற சத்தம்லா படிச்சேன்!” என்றார் மதினி. ஏன் என்று தேடத் தொடங்கினோம். அந்தப் பெயர் ஜெர்மன் மொழியே இல்லை! ஜெர்மன் பேசுகிறவர்கள் குடியேறும் முன்பே அந்தப் பக்கம் ஸ்லாவிய மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே ஓடிய ஆற்றை அவர்கள் ‘கமெனிட்சா’ என்றார்கள். ‘கமென்’ என்றால் கல். கல் கிடக்கும் ஓடை. அந்த ஆற்றுப் பெயர் ஊருக்கு வந்து, பின்னால் வந்தவர்கள் வாயில் தேய்ந்து கெம்னிட்ஸ் ஆகியிருக்கிறது.

மதினி எழுந்தே நின்றுவிட்டார். “கல்லாறா! ஏட்டி, நாம இருக்கது குத்துக்கல்லு, நான் போகப்போறது கல்லாறா!”

இத்தனை வருடம் நானும் என் ஊர்ப்பெயரை முகவரியாக மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் கல்லைப் பார்த்து வைத்த பெயர் அது என்று அன்றுதான் உறைத்தது. தூரத்தில், வேறு மொழியில், இன்னொருவரும் அதையேதான் செய்திருக்கிறார்.

மறுநாள் திரையில் ஓர் அம்மாளும் ஓர் ஆணும். முதல் கேள்விக்கே மதினி தடுமாறினார். நான் கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்?” என்று அந்த அம்மாள் கேட்டார். மதினி நிமிர்ந்தார். கல்லாற்றைச் சொன்னார், எங்கள் குத்துக்கல்லைச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்: “நான் பிறந்ததே இங்கேதான், எனக்கு இது தெரியாதே!” பேச்சு குற்றாலத்துக்குத் தாவியது. ஈரப்பாறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வரும் பெரியவர்களை எப்படி எழுப்பி நடக்கவைப்பார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை; பேசியதெல்லாம் மதினி பிறகு சொன்னதுதான். ஆனால் அந்த ஆண் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு மதினியையே பார்ப்பது தெரிந்தது.

வேலை கிடைத்தது, எலும்பு முறிவு வார்டிலேயே. அண்ணனும் பிள்ளையும் இப்போது அங்கேதான். போன வாரம் போனில் மதினி சத்தம் போட்டார்: “ஏட்டி, ஆத்தைத் தேடிப் போனேன். ஊருக்குள்ள கரையெல்லாம் கட்டிப் போட்டிருக்கான். கொஞ்சம் மேல நடந்தா கல்லா கெடக்கு! செருப்பைக் கழட்டிட்டு இறங்கிட்டேன். தண்ணி என்னா குளிரு, குத்தாலம்லாம் ஒண்ணுமே இல்ல!”