பிகோனியாவுக்குக் குளிருமாம்!

"தங்கச்சி, பூத்திட்டுது! உடன வாங்கோ!"

பெப்ரவரி மாதத்து ஞாயிறு காலையில் இப்படியொரு ஃபோன் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வெளியே மைனஸ் பதினெட்டு. ரொறன்ரோவில் அந்த மாதத்தில் பூப்பது, கார்க் கண்ணாடியில் படியும் பனி மட்டும்தான்.

அழைத்தவர் யோகன் அண்ணை. ரூஜ் பக்கம் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செடிப் பைத்தியம் பிடித்தவர். றிச்மண்ட் ஹில்லிலிருந்து பனிக்குள் கார் ஓட்டிப் போனேன். ஒரு பூவைப் பார்க்க! என்னையும் அந்தப் பைத்தியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் மூடி போட்ட கண்ணாடிச் சாடி. உள்ளே பாசி. பாசிமேல் கட்டைவிரல் நகம் அளவு இலைகள். அண்ணை என் கையில் பூதக்கண்ணாடியைத் தந்தார். அப்போதுதான் பூ சரியாகத் தெரிந்தது... மஞ்சள் நிறம், உள்ளே மெல்லிய சிவப்புக் கீறல்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் — அழகாகத்தான் இருந்தது.

"பிகோனியா. ஆபிரிக்கக் காட்டுச் சாமான். கமரூனில ஈரப் பாறையில ஒட்டி வளருமாம். இதுக்குக் குளிர் துப்பரவா ஒத்துவராது, பாவம்."

அந்தப் பாவத்துக்காக மேசைக்கு அருகே தனி ஹீற்றர். மேலே தனி விளக்கு. சாடிக்குள் தேர்மோமீற்றர் — இருபத்துநாலு. ஒரே கவலை, ஓர் இலையின் ஓரம் கருகியிருந்தது.

"கீழ பேஸ்மென்றில வாடகைக்கு இருக்கிற பிள்ளை கமரூன்தான். அவளைக் கேப்பம்."

"அண்ணை, யாழ்ப்பாணத்தில பிறந்ததுக்காக அங்கத்தைப் புல்லுப் பூண்டெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?"

"உது வேற கதை" என்றபடி படியடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

கிளாரிஸ் வந்தாள். நேர்ஸிங் படிக்கிற பெண். தடித்த விண்டர் ஜாக்கெற், கம்பளித் தொப்பி, கையுறை. "வெளியே போகிறாயா?" என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. படித்துக்கொண்டிருந்தேன்."

குனிந்து பூவைப் பார்த்தாள். சிரித்தாள். "நான் டுவாலாவில் பிறந்தவள். அது பெரிய நகரம். இந்தச் செடியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு அவள் கண் தேர்மோமீற்றரில் நின்றது. "இருபத்துநாலா? என் அறையில் பதினாறு. உங்களுக்கு மூன்று தடவை மெசேஜ் அனுப்பினேன்."

அண்ணை தொண்டையைச் செருமினார். சூடு எப்போதும் மேலேதான் ஏறும், பேஸ்மென்ற் என்றால் அப்படித்தான், அது விஞ்ஞானம் என்று விளக்கினார்.

அவள் வாதாடவில்லை. "செடி நன்றாக வரட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதே அண்ணை, அகதியாக வந்த புதிதில் ஐந்து பேரோடு ஒரு பேஸ்மென்றில் நடுங்கிய கதையைப் பிறந்தநாள் விழாக்களில் மைக் பிடித்துச் சொல்பவர். அந்த வீட்டுக்காரனை 'மனுசத்தன்மை இல்லாதவன்' என்பார். நாங்கள் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். பட்ட கஷ்டம் மனிதரைத் திருத்தும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கே? மேல்தளத்துக்கு ஏறியதும் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ரற் நம் கைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"அண்ணை, உந்த ஹீற்றரைக் கீழ குடுங்கோ" என்றேன்.

"ஐயோ, செடி செத்துப்போம்!"

குசினியில் சமைத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி வசந்தி அக்கா வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், ஹீற்றரைத் தூக்கினார், கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு போர்வையைச் சுத்திக்கொண்டிருந்து படிக்குது அந்தப் பிள்ளை. நான் ஒருநாளும் இறங்கிப் பாக்கேல்லை" என்றார் என்னிடம்.

செடி சாகவில்லை. மேல்வீட்டின் சாதாரணச் சூடே அதற்குத் தாராளம். இன்னும் இரண்டு மொட்டு விட்டிருக்கிறதாம்.

கிளாரிஸ்தான் நிற்கவில்லை. மாதக் கடைசியில் பிறம்ரனுக்கு வீடு மாறிவிட்டாள். ஹீற்றரைத் துடைத்து, வயரைச் சுற்றி, படியில் வைத்துவிட்டுப் போனாளாம்.

நேற்று அண்ணை மறுபடி ஃபோன் எடுத்தார். "ஹீற்றரும் குடுத்தனாங்கள்... நன்றியில்லாத சனம்!"

'குடுத்தனாங்கள்' — 'நாங்கள்' கொடுத்தோமாம்! அந்தப் பன்மையைக் கவனித்தீர்களா?

பிறகு குரல் குழைந்தது. "தங்கச்சி, என்ரை பிகோனியாவைப் பற்றி உங்கட பேப்பர்ப் பத்தியில ஒருக்கா எழுதுங்கோவன்."

எழுதிவிட்டேன், அண்ணை.